மிர்சாவின் தலையும் மல்லிகை எண்ணெயும்

"துண்டு விரிச்சாச்சு. வந்து உட்காருங்க!"

நய்யாரா பேகத்தின் குரல் கேட்டதும் மிர்சா ஷஃப்கத் அலியின் கழுத்து ஆமைக் கழுத்தாகி உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குக் கிளம்புமுன் பேகத்தின் கையால் தலைக்கு எண்ணெய் மாலிஷ். முப்பத்தோரு வருஷ வழக்கம். முன்பெல்லாம் பூப்போலத்தான் இருந்தது. நாலு வருஷமாக அந்தக் கை உலக்கையாகிவிட்டது. மண்டையில் விழும் அடி கோமதி ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். தெருப் புறாக்கள் அன்றைக்கு மட்டும் வேறு பேட்டைக்குக் குடிபோய்விடும்.

வலிக்கிறது என்று சொல்லலாம்தான். ஆனால் லக்னோக்காரர் அப்படிச் சொல்லி ஒருவர் மனதை நோகடிப்பதைவிட மண்டையையே கொடுத்துவிடுவார்.

"உங்க கை நோகுமே பேகம். இன்னிக்கு வேண்டாமே."

"உங்களுக்குச் செய்றதுல என்ன நோவு?" கூடுதலாகக் கால் மணி நேரம் விழுந்தது.

அடுத்த வாரம் மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நல்லதாப் போச்சு. எண்ணெய் நேரா உள்ள இறங்கும்."

அதற்கடுத்த வாரம் சளி என்றார். கடுகெண்ணெய் பூண்டோடு கொதித்து வந்தது.

"எப்படி இருக்கு?"

"சொர்க்கம் பேகம், சொர்க்கம்," என்றார் மிர்சா. கண்ணில் தாரை தாரையாக நீர்.

ஒரு வியாழக்கிழமை, தெருவோடு போனவரை நாவிதர் நன்ஹே மடக்கினார்.

"ஹுசூர், நெத்தியில இத்தனை முடிச்சா? உட்காருங்க, அவிழ்த்து விடறேன்."

"வீட்டுல வாசனை தெரிஞ்சிடுமே, மியான்."

"அதெல்லாம் லேசான எண்ணெய்தான்," என்று நன்ஹே ஒரு புது பாட்டிலைத் திறந்தார்.

விரல்நுனிகள் உச்சியில் வட்டமிட்டன. காதோரம் ஊர்ந்து பிடரியில் இறங்கின. காதுவரை ஏறிக் கிடந்த தோள்கள் நாலு வருஷம் கழித்துத் தங்கள் இடத்துக்குத் திரும்பின. புருவ நடுவில் குடியிருந்த வலி மூட்டை கட்டிக் கிளம்பியது. மிர்சா விட்ட குறட்டையில் கடைக் கண்ணாடி மூன்றும் அதிர்ந்தன.

வீட்டு வாசலில் கால் வைத்ததுமே பேகத்தின் மூக்கு விடைத்தது.

"மல்லிகை எண்ணெய்! எங்க போயிருந்தீங்க?"

"அது... நன்ஹே கடைக்கு..."

"அப்போ என் கை பிடிக்கலை. அப்படித்தானே? தயங்காமச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

முப்பத்தோரு வருஷ மரியாதை ஒற்றை நூலில் தொங்கியது. மிர்சா பதறிப்போனார்.

"ஐயோ, என்ன பேச்சு இது! அவர் கை பட்டப்புறம்தான் உங்க கையோட அருமையே தெரிஞ்சுது. வாரத்துக்கு ஒரு நாள் பத்தாது பேகம். இனிமே தினமும் வேணும்!"

பேகத்தின் கையிலிருந்த கிண்ணம் நழுவி உருண்டது. கண்கள் குளமாயின. ஆனந்தக் கண்ணீர் என்று மிர்சா நினைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் வீங்கிப்போன தலையில் தொப்பி ஏற மறுத்தது. அதைக் கையில் பிடித்தபடி நன்ஹேயிடம் ஓடினார்.

"உங்க மல்லிகை எண்ணெயால கெட்டேன் மியான்! வாசனையில மாட்டிக்கிட்டேன். தினமும் வேணும்னு சொல்லிச் சமாளிச்சேன். இப்போ தினமும் இடி!"

நன்ஹே சீப்பைக் கீழே வைத்தார்.

"கெடுத்தீங்களே ஹுசூர்! அந்த பாட்டிலே உங்க வீட்டுலேர்ந்து வந்ததுதான். 'கை ஓய்ஞ்சுபோச்சு, நானா நிறுத்தினா அவர் மனசு நோகும். நாலு வருஷமா இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அடிக்கிறேன், மனுஷன் போதும்னு சொல்ல மாட்டேங்கிறார். இதைத் தடவி அனுப்புங்க, வாசனையை வச்சாவது வாயைத் திறக்க வைக்கிறேன்'னு பேகம் சாஹிபாதான் கொடுத்தனுப்பினாங்க!"