துடைப்பக்குச்சிப் பரீட்சை

கும்மிடிப்பூண்டி,
14.10.2006

திருப்பாச்சூரில் எழுந்தருளியிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் துளசிராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் சுப்பிரமணி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் கன்னியம்மாளும் பெண் சந்திரகலாவும் சுகம். அங்கு தாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கத் தங்கள் ஊர்ச் சிவன் பார்த்துக்கொள்வார். நான் போன் செய்தால் என் குரல் கேட்டதும் தாங்கள் வைத்துவிடுவதால் இந்தக் கடிதம்.

தாங்கள் கொண்டு வந்த மாப்பிள்ளை வீரராகவனை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் திமிர் என்று தாங்கள் ஊரெல்லாம் சொல்லிவருவதாகக் கேள்வி. அது விஞ்ஞானம் மச்சான். எங்கள் கம்பெனியில் மோட்டாருக்குப் போகும் இரும்பு வளையங்களில் விரிசல் பார்த்துக் கழிப்பது என் வேலை என்று தங்களுக்குத் தெரியும். ஆடி மாதம் மெட்ராசிலிருந்து ஒரு ஆபீசரம்மா வந்து எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் இரண்டு கோடு பளிச்சென்று வந்து மறையும். எது நீளம், இடதா வலதா? அவ்வளவுதான் பரீட்சை. எவன் சட்டென்று பார்த்துச் சரியாகச் சொல்கிறானோ அவனே பெரிய புத்திசாலியாம். நான்தான் முதல்! ஜி.எம். எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். கல்யாணத்தன்று தொடங்கிச் சாகும்வரை என்னை மண்டு என்றே கூப்பிட்ட தங்கள் தகப்பனார் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தங்கள் தங்கையோ, "ரெண்டு கோட்ல எது நெட்டன்னு சொன்னதுக்கா இம்மாம் அலட்டலு? ஊட்ல அரிசி தீந்து போயிக்கீது, அது உன் கண்ணுக்குத் தெர்ல" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளையைக் கூட்டி வந்தீர்கள். அம்பத்தூரில் மிஷின் சர்வீஸ் வேலை, நல்ல குடும்பம், குடிப்பழக்கம் இல்லை, எல்லாம் சரி. புத்தி? வளையம் தப்பாகப் போனால் ரிட்டர்ன் வரும், நாலு திட்டு வாங்கிக்கொண்டு வேறு அனுப்பலாம். பெண்ணை அப்படி அனுப்ப முடியுமா மச்சான்? ஒரே பெண். எனக்குப் பயம். அதனால்தான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் இரண்டு துடைப்பக்குச்சியைச் சட்டென்று காட்டி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "எது நெட்ட?" என்றேன். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டதையும் பார்த்தேன். அவன் இன்னா சொன்னான்? "குடுங்க மாமா, வெச்சிப் பாத்து சொல்றேன்." வாங்கித் தரையில் வைத்து, முனையைத் தட்டிச் சமமாக்கி, குனிஞ்சி பாக்கறான், நிமிந்து பாக்கறான், கேசரி ஆறிப்போச்சி. அப்புறம், "ரெண்டும் ஒரே நெட்டதான் மாமா, இதுதான் கொஞ்சம் வளஞ்சிக்கீது" என்றான். அது உண்மையா என்று நான் பார்க்கவில்லை. நேரம்தானே கணக்கு? ஃபெயில் போட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். எங்கள் பிழைப்பில் மண் போட ஒரு புத்திசாலி மிஷின் வந்து இறங்கியது. மேலே ஒரு கேமராக் கண், கீழே வளையம் ஓடும். கண் சிமிட்டுவதற்குள் நல்லதை இந்தப் பக்கம், கழிவை அந்தப் பக்கம் தள்ளிவிடும். "சுப்பிரமணி, உன்னையே தூக்கிச் சாப்ட்ருச்சிய்யா" என்று ஜி.எம். சிரித்தார். ஆயுதபூஜைக்குப் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அவர் தன் கையாலேயே மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே பெரிய மாலையும் போட்டார். பூஜை லீவு முடிந்து ஓடவிட்டால் எல்லா வளையமும் கழிவு! ஒண்ணு பாக்கியில்லை. மனுஷக் கண்ணுக்குத் தெரியாத குறை மிஷினுக்குத் தெரிகிறது என்று ஜி.எம். உலைக்காரர்களைக் கிழித்தார். இரும்பை மாற்றினார்கள். கழித்ததையெல்லாம் உருக்கி மறுபடி வார்த்தார்கள். அதுவும் கழிவு. ஜி.எம். என்னிடம் ஒரு வளையத்தை நீட்டி, "விரிசல் தெரியுதா?" என்றார். வளையத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். உடனே, "தெரியுது சார்" என்றேன். சும்மாவா முதல் வந்தேன்?

கடைசியில் மிஷின்காரர்கள் ஒரு ஆளை அனுப்பினார்கள். யார் என்கிறீர்கள்? வீரராகவன்! எல்லோர் முன்னாலும் "வணக்கம் மாமா" என்கிறான். எனக்கு ஒரே பேஜாராப் போச்சி. கொண்டு வந்த பையைக்கூடப் பிரிக்கவில்லை. கையைப் பின்னால கட்டிக்கினு சுத்திச் சுத்தி வரான், குந்திக்கினு பாக்கறான், ஸ்டூல் போட்டு ஏறிப் பாக்கறான். ஷிப்டே முடியப் போவுது. "எவ்ளோ நேரம்ப்பா பாத்துட்டே இருப்பே?" என்று ஜி.எம். கத்தினார். அவன் மெதுவாக அந்த மாலையை ஒதுக்கினான். கர்சீப்பை எடுத்துக் கேமராக் கண்ணைத் துடைத்தான். கர்சீப் முழுக்கக் குங்குமம்! பொட்டு வைத்தது கண்ணாடி மேலேயே. அடுத்து ஓடிய வளையமெல்லாம் பாஸ். யார் வைத்த பொட்டு என்று ஜி.எம். விசாரிக்கவில்லை.

இப்போது கம்பெனியே அவனைப் புத்திசாலி என்கிறது. நீங்களே சொல்லுங்க, ஒரு குங்குமப் பொட்டைக் கண்டுபிடிக்க ஒரு ஷிப்டா? நானாக இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன். என்னை யாரும் ஸ்டூல்மேல் ஏறச் சொல்லவில்லை. ஆகவே என் முடிவில் மாற்றமில்லை. வேகமான பையனாக வேறு பாருங்கள். கோபத்தை விடுங்கள், தாய்மாமன் இல்லாமல் என் பெண் மணையில் உட்காரமாட்டாள். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் (பெயர் ஒன்றாக இருப்பதற்கு நான் பொறுப்பல்ல) தங்கள் குடும்பத்துக்குக் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
சுப்பிரமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை கொண்டு வந்த சந்திரகலா மொத்தத்தையும் படித்துவிட்டாள். "உனுக்கு இன்னாம்மா தோணுது?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். நான் வாயை மூடுவதற்குள், "அவரத்தான் கட்டிக்குவேன்" என்றாள். அந்த வேகம் மச்சான்! கம்ப்யூட்டர் முன்னால் எனக்கே வந்ததில்லை. விஞ்ஞானப்படி இந்த வீட்டில் அவள்தான் புத்திசாலி, நான் என்ன செய்ய? வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைத் தாம்பூலத்தோடு கூட்டி வாருங்கள். இன்னொன்று. குச்சியை அவ்வளவு நேரம் பார்த்தவன், கேசரி கொண்டு வந்த இவளை ஒரே ஒரு தபாதான் நிமிர்ந்து பார்த்தானாம். "அதுவே போதும்னு சொன்னாருப்பா" என்கிறாள். "எப்போ சொன்னான்?" என்று கேட்டேன். தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா மச்சான்?