பதினொரு மார்க்

பருவத்தின் முதல் இரண்டு ஆட்டமும் தோற்று விளையாட்டுக் கழகமே வாயைப் பொத்திக்கொண்டிருந்த கிழமையில்தான், மைதானக் காரியாலயத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. முழுக்கப் பிரெஞ்சு.

"இஞ்சை தாங்கோ, நான் வாசிக்கிறன்," என்று கை நீட்டினார் திரேசம்மா. பதினாறு வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கும் கார்டெரியில் வேலை. நாள் முழுக்கப் பிரெஞ்சில்தான் கதை.

"உம்மடை பிரெஞ்சு பால்போத்தல் பிரெஞ்சு. இது காரியாலயப் பிரெஞ்சு," என்றார் அவருடைய கணவர் தேவதாசன்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் தேவதாசன் ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர். அதில் நாலு மாதம் கடைசி வரிசை வாங்கில் நித்திரை. கடிதத்தில் அவருக்கு இரண்டே சொல் விளங்கியது. ஒன்று வெற்றி, மற்றது மைதானம். இடையில் கிடந்ததையெல்லாம் தானே இட்டு நிரப்பிக்கொண்டார்.

"இந்தப் பருவத்திலை ஒரு வெற்றியாவது வராட்டி மைதானத்தைப் பறிப்பாங்களாம்," என்று அறிவித்துவிட்டுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார்.

துறைமுகத்தில் பெட்டி இறக்குமிடத்தில் அவரை எல்லோரும் "ஏய்" என்றுதான் கூப்பிடுவார்கள். "தலைவர்" என்று கூப்பிடுவது செயின்ட்-மிஷேல் தமிழ்க் கழகம் மட்டுந்தான். மைதானம் போனால் கழகம் போகும். உடுப்பு மாற்றும் அறைப் பூட்டின் திறப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிகிற அந்த மிடுக்கும் போகும்.

இந்தக் கூத்தைத் தொடக்கியவரும் அவரேதான். சாதாரண கால்பந்துக்கு மைதானம் கிடைக்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமாம். விண்ணப்பத்தின் அடியில் 'அவுஸ்திரேலியக் கால்பந்து' என்றொரு பெட்டி சும்மா கிடந்தது. "எந்த நாடு எண்டாலும் பந்து பந்துதானே?" என்று அதில் சரி போட்டுவிட்டார். வந்த பந்தோ பப்பாளிப்பழம் மாதிரி நீளம். அதைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். கம்பம் தப்பிப் பக்கத்தால் போனாலும் ஒரு புள்ளி கொடுப்பார்களாம்.

"குறி தப்பினவனுக்குப் புள்ளியோ? வெக்கங்கெட்ட விளையாட்டு!" என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

கடிதம் வந்த கையோடு மெல்பேர்ணுக்குத் தொலைபேசி எடுத்தார். திரேசம்மாவின் அண்ணன் அன்டன் அங்கே இருபது வருடமாக இருக்கிறார்.

"மச்சான், உயரமான ஆளாப் பாத்துப் போடு," என்றார் அன்டன்.

தேவாலயப் பங்கு மக்களிலேயே உயரமான ஆள் சவிரிமுத்து. ஏணி இல்லாமல் கோயில் மின்குமிழ் மாற்றுகிறவர். அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். பந்து மேலே வந்தால் சவிரிமுத்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவார். குந்தினால் அவரும் மற்றவர்களின் உயரந்தான். எண்பது புள்ளியால் தோல்வி.

"மார்க் ஆர் எடுத்தது?" என்று மறுநாள் கேட்டார் அன்டன்.

"மார்க்கோ?"

"ஓமடாப்பா. மார்க் எடுக்காட்டி ஒண்டுஞ் சரிவராது. ஒருத்தன் பத்துப் பதினைஞ்சாவது எடுக்கவேணும்."

"பதினைஞ்சு காணுமோ? நான் எழுபத்தைஞ்சு எடுப்பிக்கிறன், இருந்து பார்!" என்று தேவதாசன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்துத் தகப்பனிடம் அடிவாங்கிப் படித்த மனிதருக்கு மார்க் என்றால் ஒரே ஒரு அர்த்தந்தான். சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் எழுத்துப் பரீட்சை. ஐம்பது கேள்வி, இரண்டு மணித்தியாலம். 'மைதானத்தின் வடிவம் யாது? படம் வரைந்து விளக்குக.'

கழகத்தில் ஓடவும் பிடிக்கவும் தெரிந்த ஒரே ஆள், லொறி ஓட்டுகிற கீர்த்திகன். அவனுக்குக் கிடைத்தது பதினொரு மார்க்.

"தேவதாசண்ணை, நான் பந்து பிடிக்கிறவன். பேனை பிடிக்கிறவன் இல்லை."

"பதினொரு மார்க் எடுத்துப்போட்டு வாயும் காட்டுறியோ? போய் வாங்கிலை இரு!"

முதலாம் இடம் புரோசார்ட் ஊர்க் கணக்காளர் சிவநேசத்துக்கு. தொண்ணூற்றிரண்டு. உடனே அணித்தலைவர் பதவி. சிவநேசம் விதிப்புத்தகத்தோடு மைதானத்துக்குள் இறங்கி, ஏழாம் விதியின் மூன்றாம் பிரிவை நடுவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பந்து வந்து மூக்கில் விழுந்தது. நூற்றுநாற்பத்தொன்றுக்குப் பூச்சியம். பரீட்சையில் தேறிய அத்தனை பேரும் அடுத்தநாள் நொண்டினார்கள்.

"தொண்ணூற்றிரண்டு மார்க் எடுத்தவனும் தோத்திட்டானே!" என்று அன்டனிடம் பாய்ந்தார் தேவதாசன்.

மெல்பேர்ணிலிருந்து சிரிப்புச் சத்தம்.

"அட விசரா! உதைச்ச பந்தை நிலத்திலை விழ முதல் பிடிக்கிறதுதான்ரா மார்க்!"

தலைவர் அசருவாரா? "பாடத்திட்டத்தை மாத்தியிருக்கிறன்," என்று அறிவித்துவிட்டு, பெயிலான எல்லோரையும் வாங்கிலிருந்து எழுப்பினார். வேறு ஆளும் இல்லை.

பெயிலானவர்களுக்கு ரோசம் வந்துவிட்டது. கீர்த்திகன் எட்டி எட்டிப் பந்து பிடித்தான். ஐந்தாவது ஆட்டம் இருபது புள்ளியால் தோல்வி. ஆறாவது மூன்றே புள்ளியால். கடைசி ஆட்டத்தில் ஒரு நிமிடம் இருக்கும்போது இரு பக்கமும் சமன். சவிரிமுத்து வழக்கம்போலக் குந்தப் போனார். பந்து அவர் மடியிலேயே வந்து விழுந்தது. பயத்தில் அதை அப்படியே கீர்த்திகனிடம் தள்ளிவிட்டார். கீர்த்திகன் அடித்தான். பந்து குறி தப்பிக் கம்பத்துக்குப் பக்கத்தால் போனது.

ஒரு புள்ளி! வெற்றி!

வெக்கங்கெட்ட விளையாட்டைத் தேவதாசன் கட்டிப்பிடிக்காத குறை. கண் கலங்க, வாங்கில் ஏறி நின்று பேசினார். "இது என்ரை பரீட்சையின்ரை பலன்! இனி இந்த மைதானத்தை எங்களிட்டையிருந்து ஒருத்தனும் பறிக்கேலாது!"

அந்த நேரம் பார்த்து மைதானக் காரியாலயத்து மனிதர் சிரித்த முகத்தோடு வந்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கைகுலுக்கினார். பிறகு கையை நீட்டியபடியே நின்றார்.

"மெர்சி, மெர்சி," என்று தேவதாசன் அந்தக் கையில் ஒரு மட்டன் ரோல்ஸை வைத்தார். மனிதர் அதை ஒரு கடி கடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். இன்னொரு ரோல்ஸ் வைக்கப்பட்டது. மனிதர் தலையை ஆட்டி, தேவதாசனின் கழுத்தைக் காட்டினார்.

"என்ன கேக்கிறான் இவன்? பதக்கம் போடப்போறானோ?"

திரேசம்மா கணவரின் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை உருவி, நிதானமாகக் கடைசிவரை வாசித்தார்.

"இஞ்சாருங்கோ, பழகுற புதுக் கழகத்துக்கு முதல் வெற்றி வரைக்குந்தான் இந்த மைதானமாம், தோத்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு காலமும் வைச்சிருக்கலாமாம்; திறப்பைக் கழட்டிக் குடுங்கோ."