மூணுவேளை அக்காவின் மருந்து

எங்கள் ஊர் தோணிரேவில் மூணுவேளை அக்காவிடம் நன்றி வாங்கிக்கொண்டு தலைகுனியாத ஆளே கிடையாது. ரொம்ப நாள்வரை, என்னைத் தவிர. என் மானம் போனதும் அதனால்தான்.

அக்கா ஏரியில் கையாலேயே இறால் பிடிப்பவர். கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார். புருஷன் இறந்த பிறகு, தண்ணீரில் இருக்கிறவரைக்கும் அழமாட்டார். வாயைத் திறந்தால் பறி போய்விடுமே. கரையேறிப் பறியை இறக்கிவைத்ததும் ஆரம்பிப்பார். சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று.

பொன்னேரியில் ஒரு டாக்டரம்மா, "தினமும் மூணு பேருக்கு மனசார நன்றி சொல்லுங்க, மனசு லேசாகும்" என்று சொல்லி அனுப்பினார். அக்கா அதை மாத்திரைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்குப் பின். ஒருவருக்கு ஒரு தடவைதான்.

மருந்தில் கலப்படம் கூடாதென்று உண்மையை மட்டுமே சொல்வார். வினையே அங்கேதான். பஸ் நிறைய ஆள் இருக்க, கண்டக்டரிடம், "நேத்து கை காட்டியும் நிக்காம பூட்டியே நைனா, நடந்து வந்ததுல நல்லா பசிச்சுது. தேங்க்ஸ்பா!" என்றார். பக்கத்து வீட்டு மருமகளிடம், "ஒன் மாமியா ஊருக்குப் போனதுலேர்ந்து சண்ட சத்தமே இல்ல, கண்ண மூடுனா தூக்கம் வருது. தேங்க்ஸ்மா!" என்றார். அந்த மாமியார் திரும்பி வந்து உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனாலும் வாங்கியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். படகுக்காரருக்கு வந்தது, அவருடைய நாய்க்கும் வந்தது. ஊருக்கே ஐஸ் விற்கிற எனக்கு வரவில்லை. வெட்கத்தை விட்டு அக்காவின் கூடையைத் தூக்கினேன், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தேன். "இன்னிக்கு மருந்து ஆய்ப்போச்சு தம்பி" என்று நடையைக் கட்டினார்.

ஒரு மதியம், மீன் ஏலம் போடுகிற இடத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். ஏலமே நின்றுபோனது.

"ஒனக்கு இன்னாத்துக்கு தேங்க்ஸ் சொல்றதுனு எத்தினியோ நாளா யோசிக்கிறேன் தம்பி. நீ கூட தூக்குனதெல்லாம் தேங்க்ஸ் வாங்கத்தான, அது சேராது. வேற ஒண்ணுமே ஆப்புடல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாய்க்குக் கிடைத்ததுகூட எனக்கு இல்லை. என் கடை ஐஸ் மாதிரி நின்ற இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "இருங்கய்யா, நான் இன்னும் முடிக்கல. கரையேறுனா எனக்கு அழுவ வரும்ல? இப்பல்லாம் இவனுக்கு இன்னா சொல்றதுனு யோசிச்சினே வூட்டுக்குப் பூடறேன். அழுவறதே மறந்துபூடுது. அதுக்குத் தேங்க்ஸ்பா."

அதற்குப் பிறகுதான் எனக்குத் தலையே நிமிரவில்லை. ஒன்றுமே செய்யாதவனுக்கு இவ்வளவு பெரிய நன்றி ஆகாது.

என் முறை முடிந்துவிட்டது, தெரியும். ஆனாலும் அக்கா கரையேறும் நேரத்தில் தினமும் ஏரிக்கரைக்குப் போய்விடுகிறேன். கண் கலங்காமல் அவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.