சாய்த்துப் பார்க்காத விமானம்

"ராகு காலத்துக்கு முன்னாடி இறங்க வேண்டியதுதானே? பெங்களூருக்கு ஓட்டிண்டு போனா என்ன அர்த்தம்?" கல்யாணப் பிள்ளையின் சித்தப்பா கூடத்தில் கர்ஜித்தார்.

"ஓடுபாதையே தெரியலை, மாமா. ஒரே இடி, மழை" என்றான் விமானி ஸ்ரீவத்ஸன்.

விமானம் ஓட்டும் கலையை உலகுக்கு வழங்கியது மன்னார்குடியில் உள்ள எங்கள் தெரு. ஓட்டத் தெரிந்தவன் ஸ்ரீவத்ஸன் ஒருவன்தான். எப்படி ஓட்டியிருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் மற்ற எல்லோரும்.

அவன் தங்கை ஸ்ரீரஞ்சனிக்கு முதல் நாள் நிச்சயதார்த்தம் நடப்பதாக இருந்தது. பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து ஏறியது அவன் ஓட்டிய விமானத்தில். இறங்க வேண்டிய திருச்சியை ஐப்பசி மழை மூடிவிட, சற்று வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் பெங்களூரில் இறக்கினான். முகூர்த்தம் தவறியது. மறுநாள் வேன் பிடித்து வந்தவர்கள், தட்டு மாற்றுவதற்கு முன் 'விசாரணைக் கமிஷன்' அமைத்தார்கள். எதிர்வீட்டு 'நிபுணர்' என்ற முறையில் நானும் போய் உட்கார்ந்தேன். யாரும் அழைக்கவில்லை, நிபுணர்கள் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை.

"இன்னும் கொஞ்சம் சுத்தியிருக்கலாமே?"

"சுத்தினா, வேற ஊருக்குப் போகப் பெட்ரோல் மிஞ்சாது, மாமா."

"மிச்சத்தோடதானே பெங்களூர்ல இறங்கினே? வீணா வெச்சுண்டு!"

இங்கே நான் அறிவியல்பூர்வமாகக் குறுக்கிட்டேன். என் ஸ்கூட்டரின் ரிசர்வ் விளக்கு பல தீபாவளிகளாக அணையாமல் எரிகிறது. வழியில் நின்றால் ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்துவேன். பங்க் வரை போய்விடும்.

"சாய்ச்சுப் பாத்தியாடா, வத்ஸா?"

"பிளேனையா, மாமி?"

"லேசா."

சபை என்னை மரியாதையுடன் பார்த்தது.

"எங்களுக்காக ஒரு ரிஸ்க் எடுத்திருக்கலாம்" என்றான் பிள்ளை, காபியை ஆற்றியபடி.

ஸ்ரீரஞ்சனி உள்ளேயிருந்து வந்தாள். "அந்த பிளேன்ல நீங்களும்தானே இருந்தேள்?"

"அதனாலென்ன?"

பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகளை எடுத்துப்போய் அவர்கள் வேனிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

தையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இப்போது பெங்களூரில் குடித்தனம். மாப்பிள்ளை வேறு ஆள், அரவிந்தன்; அவனும் அதே விமானத்தில் வந்தவன்தான். இறங்கும்போது கதவருகே காத்திருந்து, "பத்திரமா இறக்கினதுக்கு தேங்க்ஸ்" என்று ஸ்ரீவத்ஸனிடம் சொன்ன ஒரே ஆள்.

எங்கள் தெருவில் இன்றுவரை அந்த தேங்க்ஸை ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணத்திலாவது சொல்லிவிடலாம் என்று நான் கிளம்பினேன். வழியில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. சாய்த்தும் பார்த்தேன்.