ஜலஜா பொடிக்கு நான் எழுத்து தேர்ந்தெடுத்தது

எங்கள் வீட்டில் ஒரு முடிவாவது நான் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பேராசை ஒன்றும் இல்லை. மிளகாய்ப்பொடி பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்கு எந்த எழுத்து என்பது மட்டும்.

மற்றவை எல்லாம் கையை விட்டுப் போய்விட்டன. டில்லி முனிர்க்காவில் வீடு வாங்கியது என் மனைவி ஜலஜாவின் முடிவு. அதன் பால்கனியில் எனக்கு எந்த நாற்காலி என்பதும் அவள் முடிவு. ஆனால் எழுத்து என்று வந்தால் நான் சும்மா இருக்க முடியாது. ஒரு தினசரியின் டில்லி அலுவலகத்தில் தலைப்பு போட்டே தலை நரைத்தவன் நான். ஆட்சி விழுந்ததற்கும் வெங்காய விலை எழுந்ததற்கும் எழுத்தின் அளவைச் சொன்னது நான்தான். வெங்காயத்துக்குத்தான் பெரிய எழுத்து.

ஜலஜா ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். மறுநாளே மிளகாய் வறுக்க ஆரம்பித்தாள். பக்கத்து ஆர்.கே.புரத்தில் பாதி வீடுகள் பொடியை வாங்கின. மீதிப் பாதி தும்மின. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆரிப், லேபிள் ஒட்டித் தந்தால் கடையில் வைப்பதாகச் சொன்னாராம். ஹோலி முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், ஜலஜா இதை என்னிடம் தெரிவித்தாள்.

"ஏன்னா, எழுத்தை நீங்கதான் பாத்து முடிவு பண்ணணும். எனக்கு என்ன தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வாக்கியம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

மேசையில் மூன்று காகிதங்களைப் பரப்பினாள். முதலாவதில் 'ஜலஜா பொடி' கொடியும் சுருளுமாக நெளிந்து கிடந்தது.

"எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"இதுவா? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. பாட்டிலைப் பாக்கறவா முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு கேப்பா."

"அழகா இருக்கேன்னு பாத்தேன்."

"அழகு வேற, படிக்கறது வேற. இந்த எழுத்துக்கு வால் எங்க முடியறது, சொல்லு பாப்போம்."

"அச்சா, வேண்டாம். இது?"

இரண்டாவதில் எழுத்துகளிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ வழிந்தது.

"என்ன இது, ரத்தமா?"

"நல்லெண்ணெய்."

"பேய்ப்பட போஸ்டர்தான் இது. இட்லிக்குத் தொட்டுக்கறவன் பயப்பட மாட்டானா?"

"காரம்னு தெரியட்டுமேன்னு."

"ஜலஜா, நீ பொடியைப் பாரு. எழுத்தை எங்கிட்ட விடு."

"விட்டுட்டேனே."

மூன்றாவது சாதாரண உருண்டை எழுத்து. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. குற்றமில்லாததைத் தேர்ந்தெடுத்தால், தேர்ந்தெடுத்தவன் ஒருவன் இருந்தான் என்பதே யாருக்கும் தெரியாது.

"மூணும் வேண்டாம். நானே ஒண்ணு போட்டுக் காட்டறேன்."

"பேஷா."

எங்கள் பத்திரிகையின் பழைய தலைப்பு எழுத்து என் கம்ப்யூட்டரில் இருந்தது. கட்சி உடைந்தால் போடுகிற எழுத்து, அத்தனை தடிமன். 'ஜலஜா' என்று அடித்தேன். கீழே 'பொடி' என்பதைச் சின்னதாக வைத்தேன். சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டேன். பெரிய தாளில் பிரின்ட் எடுத்து வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினேன். எதையும் தூரத்திலிருந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாயந்திரம் மாடி வீட்டு விஸ்வநாதன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார். பால் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேஷு, எப்போ?"

"இன்னிக்குக் காலம்பறதான்."

"காலம்பற பார்க்குல நடந்துண்டிருந்தாளே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எல்லாருக்கும் தெரியட்டும்னுதான் ஒட்டியிருக்கேன். கிட்டப் போய்ப் பாருங்கோ. எப்படி இருக்கு?"

உள்ளிருந்து ஜலஜா காபியோடு வந்தாள். விஸ்வநாதன் அதை வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"தேதி மட்டும்தான் பாக்கி" என்றார், இரண்டு வாய் குடித்த பிறகு. "இந்தப் பாட்டிலை வாங்கினா சாப்பிட்டுட்டு ஸ்நானம் பண்ணணும் போலிருக்கு."

அவரை அந்த நேரத்துக்குக் காபிக்கு வரச் சொன்னது யார் என்று நான் யோசிக்கவில்லை.

தாளைக் கிழித்தேன். ஆனால் சரணடைவதிலும் ஒரு மரியாதை வேண்டாமா? மூன்றாவது மாதிரியை எடுத்து வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். கிடைத்துவிட்டது.

"இதையே வெச்சுக்கலாம். ஆனா 'பொடி' ரொம்பச் சின்னதா இருக்கு. 'ஜலஜா' அளவுக்குப் பெரிசாக்கணும். கடைக்கு வரவனுக்கு வேண்டியது பொடி. ஜலஜா இல்லை."

அவள் தயங்கினாள். "இருக்கற மாதிரியே இருக்கட்டுமே."

"கூடாது."

"சரி, நீங்க சொன்னா அப்பீல் உண்டா?" என்று பெருமூச்சு விட்டாள். அன்று ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். லேபிள் தயாராகிறது, தேர்வு என்னுடையது என்று ஆரிபிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று எண்ணம். அப்பளக் கட்டுகளுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நடுவே ஒரு வரிசை முழுக்க ஜலஜா பொடி நின்றுகொண்டிருந்தது. உருண்டை எழுத்து. 'பொடி' பெரிசாக இருந்தது. சரியாக 'ஜலஜா' அளவுக்கு. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அந்த எழுத்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

"பையா, இது எப்ப வந்தது?"

"ஹோலிக்கு முன்னாடியே அங்கிள்ஜி" என்றார் ஆரிப், வாடிக்கையாளர்களிடம் கற்ற தமிழில். "ஜல்தி போகுது. மொத சரக்கு தீந்துபோச்சு. இது ரெண்டாவது மால்."

வீட்டுக்கு வந்தேன். ஜலஜா வெயிலில் மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஆரிப் கடைக்குப் போயிருந்தேன்."

"போவேள்னு தெரியும்."

"எல்லாம் அச்சடிச்சு வித்துண்டிருக்கு. பின்ன என்னை எதுக்குக் கேட்டே?"

"உங்க ஒப்புதல் வேண்டாமா? எங்க ஆபீஸ்லயும் காரியம் முடிஞ்சப்புறம்தான் முக்கால்வாசி ஒப்புதல் வரும்."

"அந்த மொத ரெண்டு காயிதம்?"

"நீங்க வேண்டாம்னு சொல்றதுக்கு."

"'பொடி'யைப் பெரிசாக்கச் சொன்னது நான். நேத்திக்குத்தான் சொன்னேன். அது அங்க எப்படிப் பெரிசா இருக்கு?"

"பெரிசாத்தான் இருந்தது. உங்களுக்குக் காட்டின காயிதத்துல மட்டும் சின்னதாக்கினேன்." ஒரு மிளகாயின் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "டிராஃப்ட் வெக்கறச்சே மேலதிகாரி திருத்தறதுக்கு ஒரு தப்பு விட்டு வெக்கணும். இல்லேன்னா நன்னா இருக்கறதைத் திருத்திடுவார்."

நான் எனக்கென்று அவள் தேர்ந்தெடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் மூன்று பாட்டில் மூடிகளைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

"கோவிச்சுக்காதீங்கோ. அடுத்த மாலுக்கு மூடி என்ன கலர்னு நிஜமாவே நீங்க சொல்லுங்கோ. எனக்குச் சிவப்பு பிடிச்சிருக்கு."

இரண்டாம் முறை ஏமாற நான் தயாராக இல்லை. பிடித்திருக்கிறது என்று முதலில் அவள் காட்டுவது நான் தள்ளுவதற்காக. கடைசியில் இருப்பதுதான் அவளுக்கு வேண்டியது. பாடம் புரிந்துவிட்டது.

"சிவப்பு" என்றேன், அழுத்தமாக.

ஜலஜா மூடிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆரிப் கடையில அதானே இருந்தது. எழுத்தை மட்டும்தான் பாத்தேளா?"