டம்ளர் சாருக்குக் கிடைத்த பதில்கள்

‘புதன். மழை இல்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கோணிப்பையுடன் வந்தார். பையில் கண்ணாடி டம்ளர்கள். இறக்கி வைக்கும்போதே இரண்டு உடைந்தன.’

என் 1979ஆம் வருட நாட்குறிப்பில், ஜனவரிப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது. தேதியின் மேல் மை கொட்டிவிட்டதால் அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றதைச் சொல்வேன். ஜவ்வாது மலை உண்டான நாளிலிருந்து, அங்கே தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு அத்தனை தடவை ஊற்றிய மனிதர் வேறு யாரும் கிடையாது. டீக்கடைக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டின் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் அந்த ஓராசிரியர் நான். பையுடன் வந்தவர் குழந்தை உளவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. முதல் நாள் மாலைக்குள் பிள்ளைகள் அதை ஒழித்துக்கட்டி ‘டம்ளர் சார்’ ஆக்கிவிட்டார்கள்.

சோதனை இதுதான். இரண்டு குட்டை டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் இருக்கும். “ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்பார். “ஒண்ணு சார்.” பிறகு ஒன்றிலிருப்பதை ஒல்லியான நெட்டை டம்ளரில் ஊற்றுவார். தண்ணீர் உயர்ந்து நிற்கும். “இப்போ எதுல ஜாஸ்தி?” மிகச் சிறிய பிள்ளைகள் நெட்டையைக் காட்டுவார்கள். வளர வளர, ஊற்றினாலும் அளவு மாறாது என்பது பிடிபட்டுவிடும். எந்த வயதில் பிடிபடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

சமம் என்றால் அவருக்கு அப்படி ஒரு சமம் வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, மை ஊற்றும் பில்லரால் இதில் ஒரு சொட்டு எடுத்து அதில் விடுவார். ஒருமுறை ஈ ஒன்று டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து பறந்தது. “குடிச்சிருச்சு சார்!” என்று அலறி, இரண்டையும் கொட்டிவிட்டு, சுனைக்குக் குடத்தோடு ஓடினார். சுனை அரை மைல்.

முதல் இரண்டு நாள் கூப்பிட்ட நாலைந்து பேரும் “ஒண்ணுதான் சார்” என்றார்கள். அவர் ஒரு சின்ன ‘டிக்’ போட்டு பேனாவை மூடிவிடுவார். மூன்றாம் நாள் பதில்கள் திசை மாறின.

“நெட்டைதான் சார் ஜாஸ்தி.”

“ஏம்மா?”

“எட்டிப் பாக்குது சார்.”

அடுத்தவன்: “மேல ஏறிச்சில்ல சார், மூச்சு வாங்கி ஊதிப்போச்சு.”

ஐம்பது ஆட்டில் ஒன்று குறைந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லக்கூடிய பத்து வயதுப் பையன், “தண்ணிக்கு இன்னும் வளர்ற வயசு சார்” என்றான். டம்ளர் சார் பக்கம் பக்கமாக எழுதினார். முகத்தில் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. பேப்பர் தீர்ந்து, ஒடுகத்தூருக்கு இறங்கிப்போய் ஒரு கட்டு வாங்கி வந்தார். மலைப் பிள்ளைகளுக்கு இந்த அறிவு தாமதமாகத்தான் வருகிறது என்று முடிவுரை எழுதி, வேலூரில் டைப் அடித்து, டம்ளர்களை எடுத்துப்போக அந்தக் கட்டோடு மலைக்குத் திரும்பினார். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் ஒரு வருடம் போச்சு. வருங்கால மாமனாரோ கல்யாணப் பத்திரிகையில் ‘டாக்டர்’ என்று போடக் காத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன்பு, ஏழு வயது செல்வியின் வீட்டில் எங்கள் இருவருக்கும் சாமைக் கஞ்சி. செல்வி தனக்கு நெட்டைச் சொம்பிலும் தம்பிக்கு அகலச் சட்டியிலும் ஊற்றினாள். தனக்குக் குறைச்சல் என்று தம்பி வீறிட்டான்.

“ஏய் லூசு! ரெண்டும் ஒண்ணுதான்டா. சட்டி அகலம், சொம்பு ஒயரம். வேணும்னா திருப்பி ஊத்திப் பாரு!”

டம்ளர் சாரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

“செல்வி, என்கிட்ட நெட்டைதான் ஜாஸ்தின்னு சொன்னியேம்மா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

“ஒண்ணுதான்னு சொன்னா நீங்க ஒரு கோடு கிழிச்சிட்டு சும்மா குந்திகினு இருக்கீங்க சார். வேற சொன்னா நெறைய எழுதறீங்க. அதான் எல்லாரும் பேசி வெச்சி...”

“இன்னா சார் பண்றது,” என்றாள் அம்மா. “எழுதறதுக்குன்னே இம்மாந்தூரம் ஏறி வந்துக்கீறீங்க. வெறுங்கையோட அனுப்ப முடியுங்களா?”

என் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் தன் பெட்டியைத் திறந்தார். நான்தான், “விடுங்க சார், யாருக்குத் தெரியப் போவுது?” என்றேன். இன்று வரை வெட்கப்படும் வாக்கியங்களில் ஒன்று.

“இதுங்க மக்குன்னு பைண்டு பண்ணி லைப்ரரில வெக்கச் சொல்றீங்களா சார்?” என்றவர், டைப் அடித்த கட்டை அப்படியே என் அடுப்பில் வைத்தார். அன்று வெந்நீர் சீக்கிரம் கொதித்தது.

திங்கட்கிழமை வந்து போனது. அவர் குடத்தோடு சுனையில் இருந்தார். இந்த முறை என்ன பதில் வந்தாலும் ஒரு முழுப் பக்கம் எழுதினார். பிள்ளைகளும் நிம்மதியாக, “ஒண்ணுதான் சார்” என்றார்கள். சரியான பதிலுக்கு ஒரு பக்கம் என்னதான் எழுதுவார் என்று ஒருநாள் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். ‘பதில் சரி. முன்பல் இரண்டு இல்லை. சிரிப்பை அடக்கினால் காது அசைகிறது. தன் பங்கு நாவற்பழத்தில் பாதியை எனக்கு வைத்திருந்தாள்.’ இப்படியே ஒவ்வொரு பிள்ளைக்கும்.

பங்குனியில் ஜீப் ஏறிப் போனார். கல்யாணப் பத்திரிகை வந்தது. பெயருக்கு முன்னால் எதுவும் அச்சாகியிருக்கவில்லை. பிறகு அவர் ஆராய்ச்சியை முடித்தாரா, பட்டம் வாங்கினாரா, தெரியாது. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஆகவே இது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.

ஆனாலும் என் நாட்குறிப்பின் கடைசியில் உள்ள பெயர் அட்டவணையில் அவரை ‘டாக்டர்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். ஆதாரமில்லாமல் நான் செய்த பதிவு அது ஒன்றுதான். அதை அடித்துவிட மனம் வரவில்லை.