சொல்தா சம்பந்தியின் வலது கால் பூட்ஸ்

முத்தியால்பேட்டை,
ஜூலை 4

மரியாதைக்குரிய முசியே சம்பந்தி சகாயநாதன் அவர்களுக்கு,

முத்தியால்பேட்டை மதிவாணன் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் பார்வதியும் நலம். அங்கு தாங்களும் இருதயமேரி அம்மாவும் தங்கள் முழங்காலும் நலம்தானே? சைக்கிளில் பத்து நிமிடத்தில் வரக்கூடிய கருவடிக்குப்பத்துக்கு எதற்குத் தபால் என்று கேட்பீர்கள். போனில் சொல்லிவிடலாம் என்று பக்கிரி மளிகைக் கடையிலிருந்து நான்கு முறை உங்களைக் கூப்பிட்டேன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாகப் பதினைந்து வருடம் உத்தரவு போட்ட குரலில் நீங்கள் "அல்லோ" என்றதும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நான்கு முறையும் வைத்துவிட்டேன். பக்கிரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவரைத் திட்ட வேண்டாம்.

முதலில் நன்றி. ஆற அமர யோசித்துத்தான் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் ஜெரினுக்கும் என் சரிதாவுக்கும் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தபோது, பெண்ணைப் பெற்றவன் உள்ளே வராமல் வாசலில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நீங்கள் கோட்டு சூட்டோடு வெயிலில் இறங்கி வந்து ஒரு தட்டில் கேக் நீட்டினீர்கள். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதற்குப் பிறகும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், நான் மலை ஏறப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, ஒவ்வொரு ஜூலை பதினாலும் பிரெஞ்சு தேசிய தினத்துக்கு பீச் ரோடு அணிவகுப்பில் மெடல்களோடு நீங்கள் போட்டு நடக்கும் அந்த பூட்ஸையே சரிதாவிடம் கொடுத்தனுப்பினீர்களே. "மலைக்கு கேன்வாஸ் ஷூ ஆவாதுன்னு சொல்லு. ரெண்டு பேருக்கும் எட்டாம் நம்பர் கால்தான். பதினாலாந்தேதிக்கு முன்னாடி வந்தா போதும்"னு சொன்னீர்களாம். கூடவே ஒரு டப்பா பாலிஷ். அந்த மனசு எனக்கு வருமா என்றால் வராது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

லடாக் யாத்திரையே சரிதா செய்த சூழ்ச்சி. அவளும் ஜெரினும் போவதாக டிக்கெட் எடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் "எனக்கு லீவு கெடைக்கல, நீ போய்ட்டு வாப்பா" என்றாள். மருமகனோடு பத்து நாள் தனியாக. அதுவரை அவரிடம் நான் பேசியது மொத்தம் பதினைந்து வார்த்தை இருக்கும், அதிலும் பாதி "ம்". பயமா என்று பார்வதி கேட்டாள். முப்பத்தொரு வருஷம் மின்துறையில கம்பம் ஏறினவனுக்கு மலை என்னடி மலை என்றேன். கம்பத்தில் மூச்சுக்காற்று இருக்கும் என்ற விஷயம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. லே விமான நிலையத்தில் இறங்கி நாற்பது அடி நடந்திருப்பேன், மார்பில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் படுக்கை. ஜெரின்தான் பூண்டு போட்டு வெந்நீர் கொடுப்பதும், விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் நம்பர் பார்ப்பதும், வாந்தி எடுத்த வாளியைக் கழுவுவதும். "விடு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்தால் தலை சுற்றும். "படுங்க மாமா, எங்கப்பாவுக்குச் செய்ய மாட்டேனா" என்பார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

மூன்றாம் நாள் பூட்ஸை எடுத்தால், உள்ளே கருவாடு. வஞ்சிரம். பையில் கருவாடு வைக்கவே கூடாது என்று சரிதா சொல்லிவிட்டாளாம், அதனால் பார்வதி பேப்பரில் சுற்றி பூட்ஸுக்கு நாலு துண்டாகத் திணித்திருக்கிறாள். பையில் வைத்தால்தானே தப்பு என்பது அவள் சட்டம். உங்கள் பூட்ஸில் இப்படிச் செய்ததற்கு அவள் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் கேட்க மாட்டாள். துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஊருக்கு ஊர் நாய்கள் என் பின்னாலேயே வந்தன. மலை நாய்க்குக்கூட என்னைப் பிடித்திருக்கிறது என்று ஜெரினிடம் பெருமையாகச் சொன்னேன்.

நாலு மணி நேரம் ஏறினோம். உச்சியில் ஒரு பழைய கோட்டை, ஐந்நூறு வருஷம் ஆனதாம், பெயர் என் வாயில் நுழையவில்லை. கூரை இல்லை, கதவு இல்லை, பாதிச் சுவர் சரிந்து மண்ணாகக் கிடக்கிறது. ஆனால் வாசப்படி மட்டும் அப்படியே இருக்கிறது, தாண்டினால் ஒரு சின்னச் சாமி அறை, சுவரில் நீலத்தில் ஒரு கண். வாசப்படியைப் பார்த்ததும் என் கை தானாகக் கயிற்றை அவிழ்த்தது. நம்ம ஊர்க்காரன் செருப்போடு சாமி வாசலை மிதிப்பானா? பூட்ஸ் இரண்டையும் ஜோடியாக வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். வெள்ளைக்காரர், வடநாட்டார் எல்லாம் பூட்ஸோடுதான் நடமாடினார்கள், நான் மட்டும் சாக்ஸோடு. யாரையோ உள்ளே விடக்கூடாது என்றுதானே ராஜா இவ்வளவு உயரத்தில் சுவர் எழுப்பியிருப்பான், இன்றைக்கு ஆடு போகுது, மாடு போகுது, முத்தியால்பேட்டை மதிவாணன் போகிறான். அப்போது எனக்கு மாதா கோயில் வாசலும் என் ஸ்கூட்டரும் ஞாபகம் வந்தன. ஊருக்குப் போனதும் முதலில் உங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தால் இடது கால் பூட்ஸ் இருக்கிறது. வலதை ஒரு நாய் கவ்விக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. வஞ்சிர வாசனை. நான் கத்தினேன், ஜெரின் ஓடினார், மேலே நின்ற ஒரு லாமா சாமியார் சிரித்தார். நாய் போயே போய்விட்டது.

இதற்கு மேல் நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். கீழே இறங்க ஐந்து கிலோமீட்டர், கூர்க்கல், நடுநடுவே பனி. உங்கள் மகன் ஒரு கல்மேல் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றி என் காலில் மாட்டினார். பதினோராம் நம்பர், கிணற்றில் விழுந்த தவளை மாதிரி என் கால் உள்ளே குதித்தது. மங்கி கேப்பையும் துண்டையும் திணித்துக் கயிறு கட்டினார். அவர் காலுக்கு, பையிலிருந்த பாத்ரூம் ரப்பர் செருப்பு. என் பையையும் அவரே சுமந்தார். கீழே வந்தபோது கட்டைவிரல் நகம் பெயர்ந்து செருப்பெல்லாம் ரத்தம். அந்தக் காலைக் கழுவிக்கொண்டே, "மாமா, அப்பாகிட்ட நான் தொலச்சதா சொல்லிடறேன். இப்பதான் ரெண்டு பேருக்கும் போக்குவரத்து ஆரம்பிச்சிருக்கு, ஒரு பூட்ஸால நிக்க வேணாம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"மாமா மூச்சு வாங்குதுன்னு ரூம்லயே இருந்துட்டாரு, நான்தான் அத போட்டுட்டுப் போனேன், நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று அவர் உங்களிடம் சொன்னது பொய். அந்தப் பொய்யால் நீங்கள் பதினோரு நாளாக அவரோடு பேசுவதில்லை என்றும், போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் அவர் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்றும் சரிதா சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முசியே, தொலைத்தவன் நான். அவர் தங்கம். அப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்கு உங்களுக்கும் அம்மாவுக்கும் நான் ஏழு ஜென்மம் நன்றி சொன்னாலும் தீராது. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். மாப்ளயோடு பேசுங்கள். ஆமாம், மாப்ள என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மிச்சமிருக்கும் இடது பூட்ஸுக்கு நான்கு முறை பாலிஷ் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு ஜோடி தைக்க முடியுமா என்று செருப்புத் தைப்பவரிடம் கேட்டேன், "ஒத்தக் காலுக்கு நான் தச்சதே இல்ல சார்" என்றார். ஆகவே பதினாலாம் தேதிக்கு என் பூட்ஸைப் போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மின்துறை கொடுத்தது, கறுப்பு, எட்டாம் நம்பர், ஒரு நாளும் போடாதது. அதைப் போட்டு நடந்தால் உங்கள் மேல் மின்சாரம் பாயாது.

உங்கள் மாதாவும் எங்கள் தெரு மாரியம்மனும் கலந்து பேசி இரண்டு வீட்டையும் காப்பாற்றட்டும். அம்மாவுக்கு என் வணக்கம்.

தலைகுனிந்த சம்பந்தி,
மதிவாணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பார்வதி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஏங்க, சம்பந்தி பூட்ஸ் எட்டு, மாப்ள கால் பதினொண்ணு. அவரு எப்படிங்க அதப் போட்டுட்டு மலை ஏறியிருப்பாரு? பெத்தவருக்குப் புள்ள கால் தெரியாதா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆக, மேலே நான் எழுதிய அத்தனையும் உங்களுக்குப் பதினோரு நாளாகத் தெரியும். நீங்கள் பூட்ஸுக்காகக் கோபப்படவில்லை, பிள்ளை பொய் சொன்னதற்குத்தான் கோபம், நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தீர்கள். எனவே இதைத் தபாலில் போடவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது, உங்கள் கேட்டுக்கு மேலாக இதை நீட்டிவிட்டு, இரண்டு ஜோடியில் மூன்று பூட்ஸோடு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன். கேட்டு வாசப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே வருகிறேன். உங்கள் வீட்டு நாயை மட்டும் கொஞ்சம் கட்டச் சொல்லுங்கள்.